பெரிய பழையதா, சிறிய புதியதா?



தோட்டத்து லயத்து வாசலில் கார் நிற்பது ஒரு காலத்தில் அதிசயம். கிராணி ஐயா வீட்டிலும் துரை பங்களாவிலும்தான் கார் நிற்கும். நம் வீடுகளில் சைக்கிள் இருந்தது. பிறகு கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய பின், கார் என்பது ஆடம்பரமாக இல்லாமல் அவசியமாகிவிட்டது. இரவு வேலை முடிந்து வரும் பெண் பிள்ளையைத் தொழிற்சாலை வாசலிலிருந்து அழைத்து வர வேண்டும். மூட்டுவலிக்காரப் பாட்டியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குப் பேருந்து எங்கே வருகிறது?

ஆகவே கார் வேண்டுமா என்பது இன்று நம் கேள்வி அன்று. எந்தக் கார் என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் இந்தக் கேள்வி ஒரே வடிவத்தில்தான் எழுகின்றது. அப்பாவுக்குப் பெரிய சலூன் கார் மீது கண். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பழைய கார்தான். ஆனாலும் பெரியது, பளபளப்பானது, ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் ஏறிய கார். மகளுக்கோ மகனுக்கோ புதிய சின்ன எஸ்.யு.வி. மீது ஆசை. ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும். ஆனால் உள்ளே பார்த்தால் சிறிய கார். மாமன் வந்தால், "மச்சான், பெரிய காடிதான் பலம். அடி பட்டாலும் தாங்கும்" என்பார். மகள், "மாமா, அதுக்கு எண்ணெய் ஊத்தியே நம்ம சம்பளம் போயிடும்" என்பாள். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கின்றது. எவ்வளவு உண்மை என்று இன்று அளந்து பார்ப்போம்.

பொதுவாகப் பேசினால் கணக்கு பிடிபடாது. எனவே நம் நாட்டுச் சாலைகளில் நாள்தோறும் காணும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2006-இல் இந்நாட்டுக்கு வந்த வகையைச் சேர்ந்த டொயோட்டா கேம்ரி, 2.4 லிட்டர் எஞ்சின். 2008-இல் பதிவானது என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, 2021 மார்ச்சில் அறிமுகமான பெரோடுவா அத்திவா. சிலாங்கூரில், ரவாங் அருகே சுங்கை சோவில் உள்ள தொழிற்சாலையில் செய்யப்படுவது.

முதலில் உருவம். கேம்ரியின் நீளம் 4.82 மீட்டர், அத்திவாவின் நீளம் 4.06 மீட்டர். முக்கால் மீட்டருக்கு மேல் வித்தியாசம். லயத்துக் கூரைக்குக் கீழே தகரம் போட்டு நிறுத்துமிடம் கட்டியிருப்பவர்கள், வாங்கும் முன் ஒரு கயிற்றை எடுத்து அளந்து பாருங்கள். அகலத்திலும் கேம்ரிக்கு 11 சென்டிமீட்டர் கூடுதல். 11 சென்டிமீட்டர் என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து தைப்பூசத்துக்குப் பினாங்கு போய்த் திரும்பினால் அதன் அருமை தெரியும். கேம்ரியில் மூவரும் தோளைத் தளர்த்தி உட்காரலாம். அத்திவாவில் நடுவில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் கேம்ரியில் 25 சென்டிமீட்டர் அதிகம். அந்த இடம் முழுவதும் நம் முழங்காலுக்குக் கிடைக்கின்றது. நீண்ட பயணத்தின் சுகத்துக்குப் பழைய பெரிய கார் பழையது என்பதால் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

ஆனால் ஏறி இறங்குவதைப் பாருங்கள். சலூன் காரில் இருக்கை தாழ்வானது. பாட்டி குனிந்து, தலையைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி உள்ளே இறங்க வேண்டும்; வெளியே வரும்போது இருவர் கை கொடுத்துத் தூக்க வேண்டும். எஸ்.யு.வி.யின் இருக்கை ஏறத்தாழ நாற்காலி உயரம். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். முதியவர் உள்ள வீட்டுக்கு இது சாதாரண வசதி அன்று. காரைப் பார்க்கப் போகும்போது ஆண்கள் மட்டும் போய் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவது நம் வழக்கம். பாட்டியையும் அழைத்துப் போய் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தோட்டத்துச் சாலை. செம்மண் பாதையில் லாரி போட்ட தடத்தில் தாழ்ந்த கார் போனால், நடுத்திட்டில் வயிறு உரசும். எண்ணெய்த் தொட்டியில் கல் பட்டு ஓட்டை விழுந்தால், எஞ்சினே போய்விடும். அத்திவாவின் அடிப்பகுதி தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கின்றது. இந்த வகையில் அதற்கே வெற்றி. இருந்தாலும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். ஜீப்பைப் போல இருப்பதெல்லாம் ஜீப் ஆகிவிடாது. நாம் பேசும் இந்தச் சின்ன எஸ்.யு.வி.யில் முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே இழுவை உண்டு, கேம்ரியிலும் அப்படியே. மழைக்குப் பின் வழுக்குச் சேற்றில் ஏறும்போது நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நம்பிப் போனால், இரண்டும் ஒரே மாதிரிதான் சிக்கிக்கொள்ளும். ஓடை நிரம்பிப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் எந்தக் காரிலும் இறங்காதீர்கள். உயரம் கொடுக்கும் துணிச்சலே சில நேரம் ஆபத்தாகிவிடுகின்றது.

இனி எஞ்சினுக்கு வருவோம். கேம்ரியின் எஞ்சின் 2,362 சி.சி., நான்கு சிலிண்டர். அத்திவாவின் எஞ்சின் 998 சி.சி., மூன்று சிலிண்டர். பாதிக்கும் குறைவு. அப்படியானால் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுமா என்ற சந்தேகம் நியாயமானதே. அதற்காகத்தான் அதில் டர்போ என்னும் கருவியைப் பொருத்தியிருக்கின்றார்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அந்தச் சுழற்சி இன்னொரு சக்கரத்தைச் சுற்றி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கின்றது. காற்று அதிகம் சென்றால் பெட்ரோலும் அதிகம் எரியலாம். சிறிய எஞ்சின் தன் அளவுக்கு மீறிய வேலை செய்கின்றது. கேம்ரி 167 குதிரைத்திறன், அத்திவா 98 என்பது ஏட்டுக் கணக்கு. கேம்ரி ஏறத்தாழ ஒன்றரை டன் எடை என்பதையும், அத்திவா ஒரு டன்னை ஒட்டிய எடை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

சி.சி. என்னும் எண் நம் பையைத் தொடும் இடம் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் கார்களுக்கு 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். 2,000 சி.சி.யைத் தாண்டிய சலூன் காருக்கு அடிப்படையாக 380 ரிங்கிட். அதன்மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் ஒரு ரிங்கிட். 362 சி.சி. கூடுதலாக உள்ள கேம்ரிக்கு மொத்தம் 742 ரிங்கிட் ஆகின்றது. கார் பழசானாலும் இந்த வரி குறையாது. கார் ஓடாமல் வாசலில் நின்றாலும், சாலையில் ஏற வேண்டுமானால் கட்டித்தான் ஆக வேண்டும். இதே கேம்ரியில் 2.0 லிட்டர் வகையும் உண்டு. அதற்கு 379 ரிங்கிட். சுகம் ஒன்று, இடம் ஒன்று, வரி பாதி. பழைய பெரிய கார்தான் வேண்டும் என்பவர்கள் 2.0 வகையைத் தேடுவதே புத்தி.

இப்போது முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பென்சிலும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பம் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகின்றது, ஆண்டுக்கு 12,000. கேம்ரி லிட்டருக்கு 10 கிலோமீட்டரும், அத்திவா 15 கிலோமீட்டரும் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் சொல்வது இதைவிட அதிகம். நம் சாலையில், நம் சுமையில் ஓட்டுவதற்கு இப்படி வைப்பதே பத்திரம். பெட்ரோலை லிட்டருக்கு 2 ரிங்கிட் என்று கொள்வோம். 2025 செப்டம்பர் 30-இல் குடிமக்களுக்கான உதவி விலை 1.99 ரிங்கிட் என்று வந்தது. விலை மாறினால் நீங்களே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இதன்படி கேம்ரிக்கு ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் பெட்ரோல். அத்திவாவுக்கு 1,600.

கேம்ரியை 20,000 ரிங்கிட் ரொக்கம் கொடுத்து வாங்கியதாகக் கொள்வோம். காப்புறுதிக்கு 800. சாலை வரி 742. பழுதுக்கென மாதம் 250, ஆண்டுக்கு 3,000. பெட்ரோலையும் சேர்த்தால் ஆண்டுக்கு 6,942 ரிங்கிட். மாதத்துக்கு 580-ஐ ஒட்டி வருகின்றது.

அத்திவாவை 65,000 ரிங்கிட் என்று கொள்வோம். (அறிமுகமானபோது காப்புறுதி நீங்கலாக 61,500-இல் விலை தொடங்கியது.) பத்தில் ஒரு பங்கு, 6,500 ரிங்கிட் முன்பணம். மீதி 58,500 கடன். பல்லாண்டுகளாக வழக்கில் இருந்துவந்த முறைப்படி, நூற்றுக்கு 3 வட்டியை முழுக் கடன் தொகைக்கும் ஒன்பது ஆண்டுக்குப் போட்டால் வட்டி மட்டும் 15,795. மொத்தம் 74,295. அதை 108 மாதத்தால் வகுத்தால் மாதத் தவணை 688 ரிங்கிட். ஆண்டுக்கு 8,256. காப்புறுதி 1,500, பராமரிப்பு 800, பெட்ரோல் 1,600, சாலை வரி 20. கூட்டினால் 12,176, மாதத்துக்கு 1,015 ரிங்கிட்.

580 எங்கே, 1,015 எங்கே? பெட்ரோல் குடிக்கின்றது, வரி அதிகம் என்று நாம் குறை சொன்ன பழைய கார்தான் மாதக் கணக்கில் மலிவாக நிற்கின்றது. பெட்ரோலில் மிச்சம் 800, வரியில் மிச்சம் 722 என்று விற்பனையாளர் சொல்வது பொய்யல்ல. அந்த 1,522 ரிங்கிட் மிச்சத்துக்காக ஆண்டுக்கு 8,256 ரிங்கிட் தவணை கட்டுகின்றோம் என்பதை அவர் சேர்த்துச் சொல்வதில்லை. சொல்வது அவர் வேலையும் அல்ல. "எண்ணெய் மிச்சம்" என்ற ஒரே காரணத்துக்காகப் புதுக் கார் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று அறிவோம். கணவன் மனைவி இருவரும் அந்தச் சம்பளத்தில் இருந்தால் 3,400. சேமநிதி பிடித்தது போக ஏறத்தாழ 3,000 கைக்கு வரும். அதில் 1,015 என்பது மூன்றில் ஒரு பங்கு. இருவர் வேலை செய்யும்வரை சமாளிக்கலாம். ஒருவர் முதுகுவலியால் மூன்று மாதம் படுத்துவிட்டால்?

ஆனால் பழைய காரின் கணக்கிலும் ஒரு பொறி இருக்கின்றது. பழுதுக்கென மாதம் 250 என்று எழுதினோம் அல்லவா? அதை எழுதுவது சுலபம், எடுத்து வைப்பது கடினம். கேம்ரி ஆறு மாதம் ஒன்றும் கேட்காது. அந்த ஆறு மாதமும் 250 ரிங்கிட் வேறெங்கோ போய்விடும். ஏழாவது மாதம் குளிர்சாதனக் கருவி, டயர் நான்கு, ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே வாரத்தில் 2,500 கேட்கும். அப்போது கடன்காரனைத் தேடி ஓடுகின்றோம். தாலியும் வளையலும் அடகுக் கடைக்குப் போகின்றன. பழைய கார் மலிவானது என்பது, அந்த 250-ஐ மாதந்தோறும் தனியாக எடுத்து வைக்கும் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். தீபாவளிக்கும் பள்ளித் திறப்புக்கும் சேர்த்து வைக்கத் தெரிந்த நம் பெண்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் நடக்கும். ஆண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழுது பார்ப்பதிலும் இரண்டுக்கும் போக்கு வேறு. கேம்ரியை நம் ஊர்ப் பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். பழைய உதிரிப்பாகம் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும். ஆனால் 2.4 எஞ்சின்களில் சில எண்ணெயை எரிக்கும் பழக்கம் உள்ளவை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முடுக்கச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள். நீலப் புகை வந்தால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், வீட்டுக்குத் திரும்பி விடுங்கள். அத்திவாவுக்கு ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. அதற்குப் பதிலாக அது ஒழுங்கைக் கேட்கின்றது. டர்போ எஞ்சினுக்கு நல்ல எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் டர்போவும் கெடும், உத்தரவாதமும் சிக்கலாகும். உத்தரவாதம் முடிந்த பிறகும் தவணை நான்கு ஆண்டு ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடன் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. தோட்டப்புறங்களில் "சம்போங் பாயார்" என்ற ஏற்பாடு நடக்கின்றது. ஒருவர் வங்கிக் கடனில் வாங்கிய காரைத் தவணை கட்ட முடியாமல், சில ஆயிரம் ரிங்கிட் வாங்கிக்கொண்டு உங்களிடம் கொடுப்பார். மீதித் தவணையை நீங்கள் கட்ட வேண்டும். வங்கிக்குத் தெரியாது. கார் அவர் பெயரில், பணம் உங்கள் கையிலிருந்து. மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டினாலும் அந்தக் கார் உங்களுடையதாகாது. நீங்கள் கொடுத்த பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், ஒரு நாள் காலையில் வந்து இழுத்துப் போய்விடுவார்கள். வங்கியின் சம்மதம் இல்லாத இந்த ஏற்பாட்டை உறவினர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

சொந்தப் பெயரில் கடன் வாங்கியவர்களுக்கு 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கின்றது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் காரை எடுக்கும் நடவடிக்கை தொடங்கலாம். அதற்கும் முன்னதாக 21 நாள் கெடுவுடன் எழுத்துமூல அறிவிப்பு வர வேண்டும். நூற்றுக்கு 75-க்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். எனவே தவணை தவறும் நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாமல் வங்கிக்கு நேரில் போய்ப் பேசுங்கள். கடிதம் வந்தால் படிக்காமல் அலமாரியில் செருகி வைக்காதீர்கள்.

இப்போது மாமன் சொன்ன "பெரிய காடிதான் பலம்" என்ற பேச்சுக்கு வருவோம். இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதினால் எடை குறைந்த காருக்கே அதிர்ச்சி அதிகம். இது இயற்கை விதி. மாமன் சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் நம் சாலை விபத்துகள் எல்லாம் காரோடு கார் மோதுபவை அல்ல. மழையில் வழுக்கிச் சாக்கடையில் விழுவது, வளைவில் நிலைதவறி மரத்தில் மோதுவது, லாரியின் பின்புறம் புகுவது இவையும் உண்டு. இங்கே புதிய கார் முந்திக்கொள்கின்றது. அத்திவாவின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் இருக்கின்றன. பழைய சலூன் கார்கள் பலவற்றில் முன்னால் இரண்டு மட்டும்தான். கார் வழுக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் கருவியும் அதில் உண்டு. ஆசியான் நாடுகளுக்கான கார் பாதுகாப்புச் சோதனையில் அதற்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. இரவு வேலை முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு, மழையில் தனியாக ஓட்டி வரும் பிள்ளைக்கு இந்தக் கருவிகள் செய்யும் உதவியை ரிங்கிட்டில் எழுத முடியாது.

எந்தக் காரானாலும் பின் இருக்கையில் வார் கட்ட வேண்டும். 2009 முதல் அது சட்டம். குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020 முதல் சட்டம். பெரிய கார் என்பதற்காகப் பின்னால் ஐந்து பேரை அடுக்கினால், பெரிய காரின் பலம் அங்கேயே போய்விட்டது.

அப்படியானால் எதை வாங்குவது? இரண்டு நிலையான சம்பளம் வருகின்றது, வீட்டில் யாரோ ஒருவர் நாள்தோறும் இரவிலோ நெடுஞ்சாலையிலோ ஓட்ட வேண்டும், முதியவரும் இருக்கின்றார் என்றால், புதிய சிறிய காருக்குச் செலவழிப்பது வீண் அல்ல என்பது நம் கருத்து. ஒரே சம்பளம், வாரத்துக்கு இருமுறை சந்தைக்கும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போவதற்கு மட்டும் கார் என்றால், ஒன்பது ஆண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய 2.0 சலூன் போதும். இன்னும் ஒன்று: எஸ்.யு.வி.யின் உயரம் உங்களுக்குத் தேவையில்லை, சாலை தார்ச்சாலைதான் என்றால், அதே நிறுவனத்தின் சிறிய கார்கள் அதைவிட மலிவாகக் கிடைக்கின்றன. அண்டை வீட்டு வாசலில் எது நிற்கின்றது என்று பார்த்து வாங்குபவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய காரைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் சில இடங்களில் மட்டும் கண்டிப்பாகக் கை வைத்துப் பாருங்கள். இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் எத்தனை கார்கள் மூழ்கின என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பூட் விரிப்பைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். தோட்டத்துக் காரில் உரமூட்டை ஏற்றியிருப்பார்கள். சிந்திய உரம் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வயது டயர் நம்பத்தக்கதல்ல. பணம் கொடுக்கும் முன் பி5 சோதனை முடித்து, பெயர் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்யுங்கள். பழைய கடன் தீர்ந்ததா என்பதற்கு எழுத்துமூலச் சான்று கேளுங்கள்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. 2000-க்குப் பின் வந்த பல கார்களில் தக்காட்டா என்ற நிறுவனத்தின் காற்றுப்பைகள் பொருத்தப்பட்டன. அவற்றை ஊதச் செய்யும் இரசாயனம், நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல ஆண்டு இருந்தால் கெட்டுப்போகின்றது. கெட்டுப்போனது வெடிக்கும்போது, காற்றுப்பைக்குப் பின்னால் உள்ள இரும்புக் கூடு சிதறி, ஓட்டுநர் மீது பாய்கின்றது. சிறிய மோதலில்கூட இது நடக்கலாம். மலேசியாவிலும் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அந்த நிறுவனம் 2017-இல் திவாலானது. கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹோண்டா, டொயோட்டா, நிசான், பி.எம்.டபிள்யூ. எனப் பல நிறுவனங்களின் கார்கள் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உண்டு. பெரிய சலூன் கார்களில் ஹோண்டா அக்கோர்டின் சில ஆண்டு வகைகளும் அவற்றுள் அடங்கும். பலமுறை கைமாறிய கார் என்றால், திரும்ப அழைத்த கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். இப்போது ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்காது.

காரின் பதிவு ஏட்டில் சேசிஸ் எண் இருக்கின்றது. அதைத் தவறில்லாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தக் கார் நிறுவனத்தின் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். கையில் தொலைபேசி உள்ள பிள்ளைகள் நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பட்டியலில் இருந்தால், கார் எத்தனை கை மாறியிருந்தாலும், மாற்றித் தருவதற்குக் கட்டணம் வாங்கமாட்டார்கள். புதிதாக வாங்குபவர்கள் மட்டுமல்ல, வாசலில் ஏற்கெனவே பழைய கார் வைத்திருப்பவர்களும் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.